ஹால்வர் மாவட்டத்தின் சராசரி மனிதனும் ஆர்விட் அண்ணனின் பூஜ்யமும்

மேன்மை பொருந்திய அக்கா மார்லிஸ் அவர்களுக்கு,

ஹால்வர் மாவட்டம், சரளைச் சாலை, கடைசிக்கு முந்தின வீட்டிலிருந்து உன் ஒரே தம்பி கோர்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், என் மனைவி டெலோரிஸும், என் இடது முழங்காலும் சௌக்கியம். வலது முழங்காலைப் பற்றித் தனிக் கடிதம் எழுதுகிறேன். அதற்கு அவ்வளவு விஷயம் இருக்கிறது. அவ்விடம் உன் சௌக்கியத்துக்கும், உன் பூனையின் சௌக்கியத்துக்கும், சிகாகோவில் உன் தலைக்கு மேல் மாடியில் நாள் தவறாமல் டிரம் அடிக்கிறானே, அந்தப் புண்ணியவானின் கைகள் சீக்கிரம் ஓயவும் ஆண்டவனைப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில், "கோர்டி, அந்த வீடு எனக்கு வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டு வைத்தாயே, அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (இறங்கியது. ஆனால் ருசியில்லாமல் இறங்கியது.) பக்கத்து வீட்டு ஆர்விட் அண்ணன், தன் மகளோடு இருக்க அரிசோனா போகிறேன் என்று முடிவெடுத்து, விற்பனைப் பலகை நடுவதற்கு முன்னால் நம்மிடம்தான் முதலில் கேட்டார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் நீ நின்று, "புல்லை இப்படியா வெட்டுவாங்க, கழுதை மேஞ்ச மாதிரி" என்று என்னைத் திட்டுவதை நான் கனவிலேயே கண்டு சந்தோஷப்பட்டாகிவிட்டது. அதை ஒரு புத்தகம் வந்து கெடுத்தது. அந்தப் புத்தகத்தை உனக்குப் பார்சல் பண்ணி அனுப்பிய அறிவாளியும் நான்தான். நம் ஊர்க் கல்லூரி வெளியிட்ட 'எண்களில் ஹால்வர் மாவட்ட வாழ்க்கை' என்கிற அந்தத் தடிப் புத்தகத்தில், மாட்டுச் சந்தைப் படத்தில் நான் இருக்கிறேன். முதுகுதான் தெரிகிறது, ஆனாலும் நான்தான். முதுகைப் பார்த்துப் பெருமைப்படுவாய் என்று அனுப்பினால், நீ எண்களைப் படித்திருக்கிறாய்.

"நடு வயசு இருபத்திரண்டுன்னு போட்டிருக்கு. எனக்கு அறுபத்தி மூணு. அங்க வந்து நான் யாரோடடா பேசறது? பாதிப் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழயாம். அஞ்சுல ரெண்டு பேர் வருஷத்துக்கு ஒரு வீடு மாறறாங்களாம். பத்துல ஒம்போது பேர் காரைப் பூட்டாம விட்டுட்டுப் போறதே இல்லையாம்! சிகாகோலகூட இவ்வளவு பயம் கெடையாது" என்றாய். அக்கா, நீ பிறந்த ஊர் இது. நாற்பது வருஷ சிகாகோ உன்னை இப்படி ஆக்கிவிட்டதே என்று வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

முதலில் வயசு. மாவட்டத்து ஜனங்களையெல்லாம் வயது வரிசையில் நிற்க வைத்து, நட்டநடுவில் நிற்பவனைப் பிடித்து, "உன் வயசென்ன?" என்று கேட்டால் அதுதான் நடு வயது. நாம் எத்தனை பேர் இருக்கிறோமோ அத்தனை பேர் கல்லூரி விடுதிகளில் இருக்கிறார்கள். நடுவில் நிற்பவன் பிட்சா தின்றுகொண்டு நிற்பான், வேறென்ன. நம் சாலையில் ஐம்பதுக்குக் கீழே ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பார்சல் வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். வறுமையும் அதே கதைதான்: படிக்கிற பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது, ஆகவே ஏழைகள். அந்த ஏழைகளில் ஒருவனுடைய கார் போன வாரம் என்னைத் தாண்டிப் போனது. அது போன வேகத்தில் என் வறுமைதான் எனக்குத் தெரிந்தது. வீடு மாறுகிறவர்களும் அவர்களே. மே மாதம் வந்தால் சோபாவைத் தெருவில் போட்டுவிட்டுப் போவார்கள், நாம் போய் எடுத்து வருவோம். இப்போது என் முன்னறையில் மூன்று சோபா இருக்கிறது. நம் சாலையில் கடைசியாக இடம் மாறியது லிண்ட்வால் வீட்டுக் கோழிக்கூண்டு. அதுவும் சூறாவளியில்.

எனக்கோ உன் போனுக்குப் பிறகு ஒரு குறுகுறுப்பு வந்துவிட்டது. நீ வேண்டாம் என்று சொன்ன அந்தச் சராசரி ஹால்வர் மனிதன் யார், எங்கே இருக்கிறான், பார்த்தே விடுவோமே என்று டெலோரிஸையும் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்தேன். அவனுக்கு இருபத்திரண்டு வயது. வேலைக்கு நடந்து போகிறான். (நம் பக்கம் ஒருவன் நடந்து போனால் நான்கு வண்டி நின்று, "என்னப்பா, வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கும்.) கையில் காசில்லை. ஆனால் அவனுக்கு மூன்று மாடு இருக்கிறது, இருபது ஏக்கர் சோளம் இருக்கிறது, முக்கால் பன்றி இருக்கிறது. விடுதி அறையில் மூன்று மாட்டை எங்கே கட்டுவான் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது டெலோரிஸ் கேட்டாள்:

"ஆளுக்கு மூணு மாடுன்னா நம்ம ரெண்டு பேருக்கு ஆறு மாடு. எங்க நம்ம மாடு?"

"அது சராசரிடி."

"கல்யாணத்தப்பவும் இப்படித்தான் சொன்னீங்க. எல்லாம் இருக்கு, கணக்குல இருக்குன்னு."

இப்போது கார் விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் உன் தூக்கத்தைக் கெடுத்தது. அக்கா, இந்தக் கணக்கெடுப்பு நடந்தது எந்த மாதத்தில் தெரியுமா? ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில். இன்னும் புரியவில்லையென்றால் நீ சிகாகோக்காரியே ஆகிவிட்டாய். சுக்கினிக்காய், அக்கா, வெள்ளரிக்காய்க்கு அண்ணன் மாதிரி இருக்குமே, அந்தச் சுக்கினிக்காய்! ஒரு செடி ஒரு குடும்பத்துக்குப் போதும், இரண்டு செடி ஒரு பட்டாளத்துக்குப் போதும். எதிர்வீட்டு பெர்னிஸ் இந்த வருஷம் எட்டு செடி போட்டாள். காலையில் விரல் அளவு இருக்கிற காய் சாயங்காலம் கைக்குழந்தை அளவு ஆகிறது. தின்று தீராது, மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, குப்பையில் போட மனசு வராது. ஆகவே பூட்டாத கார் எங்கே நின்றாலும் அதற்குள் வைத்துவிட வேண்டியதுதான். ஞாயிறு வழிபாட்டில் எல்லாரும் கண்ணை மூடும் நேரம் பெர்னிஸ் மட்டும் வெளியே போய் வருவாள். ஒரு தடவை என் காரின் பின்சீட்டில் நான்கு காய்கள், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதனால் ஆகஸ்டில் மட்டும் மாவட்டமே காரைப் பூட்டும். வீட்டைப் பூட்டுவதில்லை, எங்கள் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கணக்கெடுக்க வந்த கல்லூரிப் பெண் என்னிடம், "சார், காரைப் பூட்டுவீங்களா?" என்றாள். "பின்னே? பூட்டாம இருக்க முடியுமா?" என்றேன். "உங்க பகுதியில பயம் உண்டா?" என்றாள். "இந்த மாசம் ரொம்ப" என்றேன். 'எதற்குப் பயம்?' என்று மூன்றாவதாக ஒரு கேள்வி அவளிடம் இல்லை. 'ரொம்ப' என்று குறித்துக்கொண்டு போய்விட்டாள். புத்தகத்தில் வந்த பயம் என் பயம்தான், அக்கா. உன் வீட்டை நானே என் வாயால் தள்ளிவிட்டிருக்கிறேன்.

இதை இப்படியே விடக்கூடாது என்று திங்கட்கிழமை காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு, புத்தகத்தை எழுதிய பேராசிரியை சிமோன் ஃபாரலைக் கல்லூரியில் போய்ப் பார்த்தேன். பாஸ்டன் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நான் சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் முகம் சிவந்துகொண்டே போனது. கோபம் என்று நினைத்தேன், சிரிப்பை அடக்கியிருக்கிறார்.

"கோர்டி சார், நான் இங்க வந்த முதல் ஆகஸ்ட்ல என் கார் சீட்ல ஒண்ணு கெடந்தது. எனக்கு யாரோ மிரட்டல் விடறாங்கன்னு நெனச்சு ஷெரீஃப் ஆபீசுக்குப் போன் பண்ணினேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரொட்டிமாவுல துருவிப் போட்டா நல்லா இருக்கும்னு சொன்னாங்க. இன்னிக்குத்தான் ஏன்னு புரியுது."

நல்ல மனுஷி. இப்போது அக்டோபர், காய் முடிந்துவிட்டது. இந்த வாரமே நம் சாலைக்கு ஆள் அனுப்பிக் கேள்விகளைத் திரும்பக் கேட்டு, அடுத்த பதிப்பில் திருத்திப் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே நீ பயந்த எண் செத்தது. எழுந்து கிளம்பும்போது, "இன்னொரு எண் எனக்கே புரியலை, நீங்களாவது சொல்லுங்க" என்றார். ஆபத்து அவசரம் என்றால் நீங்கள் கூப்பிடக்கூடிய ஆட்கள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வியாம். மற்ற இடங்களில் நாலு, ஐந்து என்கிறார்கள். நம் சாலையில் வீடு தவறாமல் 'ஒன்று'. ஒரே ஒரு வீட்டில் மட்டும் 'பூஜ்யம்'.

"உங்க சாலையில யாரும் யாரோடயும் பேசறதில்லையா?" என்று கவலையாகக் கேட்டார்.

"பேசாம இருக்கறது எப்படின்னுதான் எங்களுக்குத் தெரியாதும்மா. பூஜ்யம் சொன்னது யாரு?"

"சொல்ல மாட்டேன். பேர் வெளிய வராதுன்னு எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கோம்."

முப்பது வருஷமாக வாரப் பத்திரிகையில் 'யார் வீட்டுக்கு யார் வந்தார்' பத்தி எழுதுகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் வீட்டுக்குப் போய்ச் சும்மா படுப்பானா? அன்று மத்தியானமே சாலையில் இறங்கிவிட்டேன். முதல் சந்தேகம் பெர்னிஸ் மேல்தான். எட்டு செடி போடுகிறவளுக்கு யார் இருக்கப்போகிறார்கள்?

"எனக்கா பூஜ்யம்?" என்று இடுப்பில் கையை வைத்தாள். "எனக்கு ஆர்விட் இருக்கான்யா. போன ஜனவரில பைப்பு ஒறைஞ்சப்ப செருப்புக்கூடப் போடாம ஓடி வந்தான். ஒண்ணுன்னு சொன்னேன். ஆர்விட் இருக்கறப்ப ரெண்டாவது ஆள் எதுக்கு?"

லிண்ட்வால் வீட்டில் கேட்டேன்: ஆர்விட். பால் பண்ணையில் கேட்டேன்: ஆர்விட், கன்று போடுகிறபோது கைகொடுத்தாராம். அப்போதுதான் நினைவு வந்தது, ஆகஸ்டில் நானும் 'ஒன்று' என்றுதான் சொன்னேன். பனியில் என் கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தன் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்துவிடுகிறவர் யார்? ஒன்றும் ஒன்றும் ஒன்றும் கூட்டினால் நம் சாலையில் எல்லாருக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஆள். அப்படியானால் அந்தப் பூஜ்யம்? அக்கா, வீட்டு எண்ணிக்கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு.

கொட்டகையில் டிராக்டருக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார் ஆர்விட் அண்ணன். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன கோர்டி, பள்ளத்துல எறங்கிட்டியா?"

"இல்லண்ணே, இன்னும் பனி வரலை."

"அதுக்காக நீ நிறுத்துவியா என்ன."

சுற்றி வளைத்துப் பார்த்தேன், முடியவில்லை. நேராகக் கேட்டேன். "அண்ணே, அந்தக் கணக்கெடுக்கற பொண்ணுகிட்ட, கூப்பிட யாருமில்லைன்னா சொன்னீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "ஆமா. கூப்பிட்டா நான்தானே வருவேன். நானே என்னை எப்படிடா கூப்பிடறது?"

பிறகு கிரீஸ் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். பிப்ரவரியில் அவர் டிராக்டரே பாலத்தோரம் பள்ளத்தில் சாய்ந்துவிட்டதாம். மத்தியானம் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, வலிக்கிற இடுப்போடு வயலுக்குக் குறுக்கே நடந்தே வீட்டுக்கு வந்தாராம். நம் யாருக்கும் தெரியாது.

"எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா, அண்ணே?"

"உனக்கா? நீ உன் காரை எடுத்துக்கிட்டு வருவ. அப்புறம் ரெண்டையும் யாரு இழுக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

"அதான் போறேன்" என்றார். "அரிசோனால பனி கெடையாது. மக வீட்டு வாசல்ல கூழாங்கல்லு பரப்பி வெச்சிருக்கா. ஆசைப்பட்டாலும் எதுலயும் மாட்டிக்க முடியாது." துப்பாக்கியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "என்னை இழுத்துவிட்ட ஒரே ஆளு உங்க அக்காதான், தெரியுமா? அவளுக்குப் பதினாறு வயசு. எனக்கு இருபது. புது டிரக்கை ஏரிக்கரைச் சேத்துல எறக்கிட்டு நிக்கறேன், உங்கப்பாவோட டிராக்டர எடுத்துக்கிட்டு அவ வந்தா. சங்கிலியை மாட்டினா, இழுத்தா, திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு, இன்னும் காதுல கேக்குது. அப்புறம் அவ சிகாகோ போயிட்டா" என்றார்.

அக்கா, நீ இதை என்னிடம் சொன்னதே இல்லை. முப்பது வருஷமாகப் பத்தி எழுதுகிறேன், இது எப்படித் தப்பியது?

இப்போது என் நிலைமையைப் பார். பூஜ்யம் யார் என்று இந்தச் சாலைக்குத் தெரிந்தால், அதோடு ஆர்விட் அண்ணனை ஊரை விட்டுப் போக ஒருத்தரும் விட மாட்டார்கள். அவர் போகவில்லையென்றால் உனக்கு வீடு இல்லை. ஆகவே என் வாழ்க்கையில் முதன்முறையாக வாயை மூடிக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டேன். டெலோரிஸிடம் மட்டும் சொன்னேன். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். நீ தைரியமாக வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிடு. வயது பொய், வறுமை பொய், பயம் பெர்னிஸ். அடுத்த பதிப்பில் எல்லாம் சரியாகிவிடும்.

உனக்கும் பூனைக்கும் என் நமஸ்காரம். டெலோரிஸ் தன் அன்பையும், உன் பழைய கேக் தட்டு இன்னும் இங்கேதான் இருக்கிறது என்பதையும் தெரிவிக்கச் சொன்னாள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும், முக்கியமாக வரத்தை, ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு, உன் நன்மையையும் உன் பக்கத்து வீட்டையும் நாடும்,
தம்பி கோர்டி

பின்குறிப்பு: கடிதத்தை வாசல் தபால் பெட்டியில் வைத்துவிட்டு, உள்ளே தபால் இருக்கிறது என்று காட்டும் கொடியைத் தூக்க மறந்துவிட்டேன், தபால்காரர் எடுக்காமல் போயிருக்கிறார். நல்லதாகப் போயிற்று. இன்று வெள்ளிக்கிழமை. மேலே எழுதிய எதையும் நம்பாதே.

டெலோரிஸ் பெர்னிஸிடம் மட்டும் சொன்னாளாம். அவளிடமும் சத்தியம் வாங்கினாளாம். புதன்கிழமை விடிந்து பார்த்தால் ஆர்விட் அண்ணன் வாசலில் வரிசை. கையில் ஆளுக்கொரு கண்ணாடித் தட்டு. கறியும் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு அடுப்பில் சுட்டது, அடியில் பேர் எழுதி ஒட்டியது. சாவு வீட்டுக்குக்கூட இத்தனை தட்டு போய் நான் பார்த்ததில்லை. "ஏண்டா என்னைக் கூப்பிடலை?" என்று லிண்ட்வால் அவர் சட்டையைப் பிடித்து அழுதே விட்டான். நம் ஊர் முறை உனக்கு மறந்திருக்காது: அடுத்தவர் தட்டோடு ஊரை விட்டுப் போகக்கூடாது, தட்டை வெறுமையாகவும் திருப்பித் தரக்கூடாது. ஆர்விட் அண்ணனுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான், காடியில் ஊறப்போட்ட ஹெர்ரிங் மீன். தட்டு தட்டாக அதை நிரப்பிக்கொண்டு கிளம்பினார். வாங்கிக்கொண்டவர்கள் மரியாதைக்கு அதே தட்டில் மறுபடி ஏதாவது வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் முடியாது. அவர் அரிசோனா போகவில்லை; வீடு விற்பனைக்கு இல்லை.

இன்னும் கேள். ஆள் வீட்டில் இல்லையென்றால் ஆர்விட் அண்ணன் தட்டை எங்கே வைக்கிறார் தெரியுமா? பூட்டாத காருக்குள். ஹெர்ரிங் மீன், அக்கா, வெயிலில். வியாழக்கிழமைக்குள் சாலை முழுக்கக் கார்களைப் பூட்டிவிட்டோம். இன்று காலையில், நானே போய்ச் சொல்லி வரவழைத்த அந்தக் கல்லூரிப் பெண், கேள்விகளைத் திரும்பக் கேட்க வந்துவிட்டாள். ஆகஸ்டில் பத்துக்கு ஒன்பது. இப்போது பத்துக்குப் பத்து. 'பயம் உண்டா?' என்றதற்குப் பால் பண்ணைக்காரர், "முன்னைவிட அதிகம்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த பதிப்பில் அமெரிக்காவிலேயே நாம்தான் முதலிடமாம்.

கடைசியாக அவள் ஆர்விட் அண்ணன் வீட்டுக்குப் போனபோது தற்செயலாக நானும் அங்கே இருந்தேன், கையில் தட்டோடு. (தற்செயல் இல்லை.) அவசரத்துக்குக் கூப்பிட எத்தனை பேர் என்று கேட்டாள். வந்து குவிந்த தட்டுகளையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார்.

"இவங்கள்லாம் நல்லவங்க. ஆனா சேத்துல சங்கிலி மாட்டி இழுக்க ஒருத்தருக்கும் வராது. ஒண்ணுன்னு போட்டுக்கம்மா. மார்லிஸ்."

"அவங்க எந்த வீடு, சார்?"

"கொட்டகைக்குப் பின்னால சின்ன வீடு. என் மக கல்யாணத்துக்கு முன்னாடி அங்கதான் இருந்தா. காலியாத்தான் கெடக்கு."

பெண் எட்டிப் பார்த்தாள். "அங்க யாரும் இல்லையே. இப்ப எங்க இருக்காங்க?"

"சிகாகோல."

"இந்த மாவட்டத்துல இல்லாதவங்களை எப்படி சார் சேர்க்கறது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். "சேர்த்துக்கம்மா, வந்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள், அக்கா. பேராசிரியை அச்சுக்கும் கொடுத்துவிடுவார். அந்தப் புத்தகத்தில் ஏற்கெனவே என்னால் ஒரு தப்பு, ஹெர்ரிங்கால் ஒரு தப்பு. மூன்றாவது தப்பு உன்னால் வந்ததாக இருக்க வேண்டாம். முதல் பனி நவம்பர் நடுவில் விழும். அதற்குள் வந்து சேர். வாசலில் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாகக் காரின் கதவைப் பூட்டு.